படத்துக்கு முன் ஒரு கேள்வி: பிரேசர் டவுனிலிருந்து எக்ஸ்ரேயின் வரலாற்றைப் பார்த்தல்

பெங்களூரின் பிரேசர் டவுன் ஒரு கொள்ளைநோய்க்குப் பின் உருவான ஊர். 1898இல் நகரைத் தாக்கிய பிளேக், கன்டோன்மென்டின் நெரிசலான குடியிருப்புகளைச் சூறையாடியது. இறந்தவர்கள் போக எஞ்சியவர்களில் பலர் வீடுகளை விட்டு வெளியேறினர். இனி நகரம் பழையபடி வளரக் கூடாது என்ற எண்ணம் நிருவாகத்தினரிடையே வலுப்பெற்றது. அகன்ற தெருக்களும் இடைவெளி விட்ட மனைகளும் காற்றும் வெளிச்சமும் உள்ள வீடுகளுமாகத் திட்டமிடப்பட்ட புதிய குடியிருப்பு 1906இல் தொடங்கப்பட்டது. மைசூரின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பிற்காலத்தில் சாளுக்கிய மன்னனின் நினைவாகப் புலிகேசி நகர் என்று அரசு பெயர் மாற்றியபோதும், தமிழும் உருதும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து ஒலிக்கும் அதன் தெருக்களில் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

இந்த ஊரின் பிறப்புக்குக் காரணமான நோயும், இன்று மருத்துவமனைகளில் அன்றாடம் பயன்படும் எக்ஸ்ரேயும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அறிவியலின் பார்வைக்கு வந்தவை. பிளேக் கிருமியை யெர்சின் ஹாங்காங்கில் அடையாளம் கண்டது 1894இல். ராண்ட்கன் தம் ஆய்வுக்கூடத்தில் புதிய கதிரைக் கண்டது 1895 நவம்பரில். இரண்டும் கண்ணுக்குப் புலப்படாதவை. ஆயினும் சமூகம் அவற்றை அறிந்துகொண்ட வரிசை நேர்மாறானது. பிளேக்கின் கேடு முதலில் தெரிந்தது, காரணம் பிறகு தெரிந்தது. எக்ஸ்ரேயின் நன்மை முதலில் தெரிந்தது, கேடு பிறகு தெரிந்தது. கேட்டை முதலில் அறிந்தவர்கள் அக்கருவியை அன்றாடம் இயக்கிய தொழிலாளர்களும் மருத்துவர்களுமே. அவர்களுடைய உடலே அதற்குச் சான்றாயிற்று.

தொடக்ககால எக்ஸ்ரே குழாய்கள் ஒரே சீராக இயங்குவதில்லை. கதிரின் வலிமை போதுமா என்று பார்க்க இயக்குபவர் தம் கையையே திரைக்கு முன் நீட்டி, எலும்பின் நிழல் தெளிவாக விழுகிறதா என்று சோதித்தார். ஒரு நாளில் பல முறை, ஆண்டுக்கணக்கில் இது நடந்தது. எடிசனின் கூடத்தில் பணியாற்றிய கிளாரன்ஸ் டாலி இரு கைகளையும் இழந்து 1904இல் இறந்தார்; அவருக்கு நேர்ந்த கேட்டைக் கண்டு எடிசன் அந்த ஆய்வையே கைவிட்டார். பர்மிங்காமில் மருத்துவப் பயன்பாட்டுக்கு முன்னோடியாக இருந்த ஜான் ஹால்-எட்வர்ட்ஸ் 1908இல் இடக்கையை இழந்தார். தோல் சிவந்துபோகும் அளவே நெடுங்காலம் கதிரின் அளவுகோலாகவும் இருந்தது. புண்ணைக் கொண்டு அளந்த அந்தக் காலத்துக்கு நினைவுச்சின்னமாக, எக்ஸ்ரேயாலும் ரேடியத்தாலும் உயிரிழந்த மருத்துவப் பணியாளர்களின் பெயர்கள் பொறித்த கல் 1936இல் ஹாம்பர்க் நகர மருத்துவமனை ஒன்றின் வளாகத்தில் நிறுவப்பட்டது. 1959க்குள் அப்பட்டியல் 359 பெயர்களாக நீண்டது.

பணியாளரைக் காக்கும் விதிகள் இந்த இழப்புகளிலிருந்தே பிறந்தன. பிரிட்டனில் 1921இல் பாதுகாப்புக் குழு அமைந்தது. 1928இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகக் கதிரியல் மாநாடு பன்னாட்டுக் குழு ஒன்றை ஏற்படுத்தியது. இன்றைய பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் அதன் வழிவந்ததே. ஈயத்தடுப்பு, தொலைவு, குறைந்த நேரம் என்னும் மூன்று காப்புகளும் மெல்ல மெல்ல நடைமுறையாயின. இவை யாவும் படம் எடுப்பவரை மனத்திற்கொண்டு எழுந்தவை என்பது கவனத்திற்குரியது. படம் எடுக்கப்படுபவரைப் பற்றிய கேள்வி, அதாவது இந்தப் படம் இவருக்குத் தேவைதானா என்ற கேள்வி, அப்போது ஓர் அறிவியல் கேள்வியாக உருப்பெறவில்லை.

இந்தியாவுக்கு எக்ஸ்ரே மிக விரைவில் வந்து சேர்ந்தது. 1897-98இல் வடமேற்கு எல்லைப்புறத்துத் திரா போர்முனையிலேயே காயம்பட்ட வீரர்களின் உடலில் குண்டுகளைத் தேட அது பயன்பட்டது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் கேப்டன் பர்னார்டின் முயற்சியால் உருவாகி அவர் பெயரையே தாங்கிய கதிரியல் நிறுவனம் 1934இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து பயிற்சி பெற்று வெளிவந்தவர்கள் தென்னிந்திய மருத்துவமனைகளுக்கு இத்துறையைக் கொண்டுசென்றனர். எனினும் எக்ஸ்ரேயை மருத்துவமனைச் சுவர்களுக்கு வெளியே கொண்டுசென்றது போரோ விபத்தோ அன்று, அது காசநோய்.

1936இல் பிரேசில் நாட்டு மருத்துவர் மனுவேல் டி ஆப்ரியூ, ஒளிர்திரையில் விழும் மார்பின் நிழலைச் சிறிய படச்சுருளில் பதியும் முறையை உருவாக்கினார். மலிவான சிறுபடம் என்பதால் ஒரு நாளில் நூற்றுக்கணக்கானோரைப் பரிசோதிக்க முடிந்தது. செல்வ நாடுகள் தம் குடிமக்களை வரிசையில் நிற்க வைத்து மார்பைப் படம்பிடிக்கத் தொடங்கின. பெரிய படத்தைவிடச் சிறுபடத்துக்குப் பல மடங்கு அதிகமான கதிர் தேவைப்பட்டது. அன்றைய உற்சாகத்தில் அது பெரிதாகத் தோன்றவில்லை. விடுதலை பெற்ற இந்தியாவும் 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழியே எக்ஸ்ரே வண்டிகளை ஊர் ஊராக அனுப்பித் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பை நடத்தியது. நோய் நகரத்தின் சேரிகளில் மட்டும் இல்லை, கிராமங்களிலும் அதே அளவுக்குப் பரவியிருக்கிறது என்பது அப்போது தெரியவந்தது. நோயாளிகள் லட்சக்கணக்கில், எக்ஸ்ரே கருவிகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. மின்சாரம் இல்லாத ஊர்களே மிகுதி.

இந்த இக்கட்டுக்கு விடை தேடும் பொறுப்பு பெங்களூருக்கு வந்தது. பிரேசர் டவுனிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பல்லாரி சாலையில், 1959இல் தேசியக் காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1960 செப்டம்பரில் நேரு அதைத் திறந்துவைத்தார். மருத்துவர்களோடு சமூகவியலாளர், புள்ளியியலாளர், நுண்ணுயிரியலாளர் ஆகியோரும் ஒரே கூரையின்கீழ் பணியாற்றிய நிறுவனம் அது. அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: காசநோயாளியைக் கண்டுபிடிக்க எல்லோரையும் படம் எடுத்துத்தான் ஆகவேண்டுமா?

இக்கேள்விக்கு இரண்டு திசைகளிலிருந்து விடை வந்தது. முதலாவது, படத்தைப் படிப்பதில் உள்ள ஐயம். 1947இல் அமெரிக்காவில் யெருஷல்மி, பிர்கலோ முதலியோர் வெளியிட்ட ஆய்வு, தேர்ந்த மருத்துவர்களும் ஒரே மார்புப் படத்தைப் பற்றி ஒருவரோடு ஒருவர் முரண்படுகிறார்கள் என்றும், சில காலம் கழித்து அதே படத்தைக் காட்டினால் தம் சொந்த முடிவோடே முரண்படுகிறார்கள் என்றும் காட்டியிருந்தது. நுரையீரலில் விழும் நிழல் காசநோயாக இருக்கலாம், ஆறிய தழும்பாகவும் இருக்கலாம், வேறு நோயாகவும் இருக்கலாம். சளியில் கிருமி தென்பட்டாலோ அந்த மனிதர் பிறருக்கு நோயைப் பரப்பக்கூடியவர் என்பது உறுதியாகிறது.

இரண்டாவது விடை சமூகவியலிலிருந்து வந்தது. தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் நடத்தி 1963இல் வெளியிட்ட ஆய்வு, கிராமத்து மக்கள் தம் நோயை உணர்வதில்லை என்ற நம்பிக்கையை உடைத்தது. காசநோய் கண்டவர்களில் பெரும்பாலோர் தம் அறிகுறிகளை அறிந்தே இருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் அதற்காக மருத்துவ நிலையங்களை நாடிச் சென்றுமிருந்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு புட்டி இருமல் மருந்துதான். மக்கள் மருத்துவரிடம் வந்திருக்கிறார்கள்; வந்தவரின் இருமலைக் கேட்டு, சளியைப் பரிசோதிக்க ஆளில்லை. ஆகவே வண்டிகளை அனுப்பி நலமாக உள்ளவர்களை வரிசையில் நிறுத்துவதைவிட, இருமலோடு தாமாக வருபவரின் சளியை நுண்ணோக்கியில் பார்ப்பதே முதற்கடமை என்ற முடிவுக்கு நிறுவனம் வந்தது.

1962 முதல் நடைமுறைக்கு வந்த தேசியக் காசநோய்த் திட்டத்தின் அடித்தளம் இதுவே. அத்திட்டம் எக்ஸ்ரேயை விலக்கிவிடவில்லை. அதற்கு ஓர் இடம் வகுத்துக் கொடுத்தது. மாவட்டக் காசநோய் மையத்தில் எக்ஸ்ரே கருவி இருந்தது. கிராமப்புற நிலையங்களில் நுண்ணோக்கி இருந்தது. 1974இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் காசநோய் வல்லுநர் குழு, கண்மூடித்தனமான வெகுஜன எக்ஸ்ரே பரிசோதனைகளைக் கைவிடுமாறு பரிந்துரைத்தபோது, பெங்களூரிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் திரண்ட அறிவு அதற்கு வலுச்சேர்த்திருந்தது.

பெங்களூர் ஆய்வாளர்கள் கதிர்வீச்சின் அச்சத்தால் அந்த முடிவுக்கு வரவில்லை. பணம், மின்சாரம், படச்சுருள், மனித ஆற்றல் ஆகியவற்றின் பற்றாக்குறையே அவர்களைச் சிந்திக்க வைத்தது. ஆனால் அதே ஆண்டுகளில் வேறிடங்களில் கதிரைப் பற்றிய கணக்கு மாறிக்கொண்டிருந்தது. கருவுற்ற காலத்தில் வயிற்றை எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்குப் புற்றுநோய் வருவது கூடுதல் என்று ஆக்ஸ்போர்டின் அலிஸ் ஸ்டூவர்ட் 1956இலும் 1958இலும் எழுதினார். முதலில் அதை ஏற்க மறுத்தவர்களே மிகுதி. காசநோய்க்குப் பழைய முறையில் நுரையீரலைச் சுருக்கும் சிகிச்சை பெற்று, அதன்பொருட்டு மீண்டும் மீண்டும் ஒளிர்திரைப் பரிசோதனைக்கு உள்ளான பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மிகுந்திருப்பதை 1965இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் மெக்கென்சி கண்டறிந்தார். எந்த நோயைக் குணப்படுத்தக் கதிர் பயன்பட்டதோ, அதே நோயாளிகளின் உடலில் பல ஆண்டுகள் கழித்து அதன் விலை தெரிந்தது.

1977இல் பன்னாட்டு ஆணையம் தன் கொள்கைகளை மூன்றாக வகுத்தது. கதிரைப் பயன்படுத்துவதற்குத் தக்க காரணம் வேண்டும்; பயன்படுத்தும்போது இயன்றவரை குறைந்த அளவு வேண்டும்; தனிமனிதர் பெறும் அளவுக்கு வரம்பு வேண்டும். இவற்றுள் முதலாவதாகிய தக்க காரணம் என்னும் கொள்கையைப் பெங்களூர் வேறொரு பாதையில், ஏழ்மையின் பாதையில், முன்னரே சென்றடைந்திருந்தது. படத்தின் பயன் அதை எடுப்பதற்கு முன் கேட்கப்படும் கேள்வியைப் பொறுத்தது என்பதே இரு பாதைகளும் சேரும் இடம்.

1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இந்தியாவில் எக்ஸ்ரே கருவிகளுக்கு உரிமம் வழங்கிக் கண்காணிக்கிறது. கதிர்வீச்சுப் பணியாளருக்குத் தொடர்ந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் என்பது வரம்பு; எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. மார்பில் அணியும் பேட்ஜ் மூன்று மாதத்துக்கொருமுறை அளவிடப்படுகிறது. பேட்ஜ் மேசை இழுப்பறையில் கிடந்தால் அது அளப்பது மேசைக்கு வந்த கதிரைத்தான் என்பதை ஒவ்வொரு நுட்பநரும் அறிவார். இந்த ஏற்பாட்டின் குறைகள் எவையாயினும், பணியாளருக்கு ஓர் எண் உண்டு, ஒரு பதிவேடு உண்டு.

நோயாளிக்கோ அத்தகைய வரம்பு எதுவும் இல்லை. அது கவனக்குறைவால் நேர்ந்த விடுபடல் அன்று. உயிர்காக்கும் பரிசோதனையை ஓர் எண்ணைக் காட்டித் தடுத்துவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே விடப்பட்ட இடம் அது. அந்த இடத்தை நிரப்பவேண்டியது பரிந்துரைச் சீட்டு எழுதும் மருத்துவரின் அறிவு. சட்டம் ஒதுங்கி நிற்கும் இடத்தில் அவருடைய தீர்ப்பே நோயாளிக்கான ஒரே காப்பு. ஆகவே மருத்துவப் பணியாளர்கள் கதிரைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கிறார்கள் என்ற கேள்வியைப் பயிற்சி வகுப்போடு முடிந்துவிடும் ஒன்றாகக் கருத முடியாது. கதிர்வீச்சுப் பாதுகாப்பின் மிகப் பெரிய பகுதி அந்த அறிவின்மீதுதான் நிற்கிறது.

அந்த அறிவின் நிலையைச் சில ஆய்வுகள் அளந்து பார்த்திருக்கின்றன. பிரிட்டனில் 130 மருத்துவர்களிடம் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வில், பரிசோதனைகளின் கதிரளவை ஏறக்குறைய எல்லோருமே குறைத்து மதிப்பிட்டிருந்தனர். அல்ட்ராசவுண்டில் எக்ஸ்ரே போன்ற கதிர் இல்லை என்பதை ஆறு பேரும், எம்.ஆர்.ஐ.யில் இல்லை என்பதைப் பதினொருவரும் அறிந்திருக்கவில்லை. அமெரிக்காவில் 2004இல் வெளியான மற்றோர் ஆய்வில், வயிற்று சி.டி. ஸ்கேனால் வாழ்நாள் புற்றுநோய் வாய்ப்பு கூடும் என்று கருதிய அவசரப் பிரிவு மருத்துவர்கள் 9 விழுக்காட்டினர். கதிரியல் மருத்துவர்களிலும் 47 விழுக்காட்டினரே. வளமான நாடுகளின் நிலை இது.

தமிழில் இந்தக் குழப்பத்துக்கு மொழியும் துணைபோகிறது. "ஸ்கேன் எடுக்கணும்" என்ற ஒரே தொடர் ஒலியலையால் எடுக்கும் படத்தையும், காந்தப்புலத்தால் எடுக்கும் படத்தையும், எக்ஸ்ரேயால் எடுக்கும் சி.டி.யையும் ஒருசேரக் குறிக்கிறது. முதலிரண்டில் அயனியாக்கும் கதிர் இல்லை, மூன்றாவதில் உண்டு. கர்ப்பிணிக்குத் தீங்கற்றது என்று பழகிய சொல்லே, அடிவயிற்றுக்குச் சில மில்லிசீவெர்ட் கதிரைத் தரும் பரிசோதனைக்கும் பெயராகிவிடுகிறது. கதிர்வீச்சு, கதிரியக்கம் என்ற இரு சொற்களும் இவ்வாறே மயங்குகின்றன. எக்ஸ்ரே கருவி நின்றதும் கதிரும் நின்றுவிடும். அறையில் எதுவும் தங்காது. கதிரியக்கப் பொருளின் இயல்பு வேறு. இவ்வேறுபாட்டை அறியாத செவிலியர் நின்றுபோன கருவியைக் கண்டு அஞ்சவும், இயங்கும் கருவியருகே அலட்சியமாக நிற்கவும் கூடும்.

2021 மே மாதத்தில் இந்த அறிவின் தடுமாற்றம் நாடே பார்க்க வெளிப்பட்டது. கோவிட் இரண்டாம் அலையில் பெங்களூர் நாட்டிலேயே மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட நகரங்களுள் ஒன்றாக இருந்தது. லேசான அறிகுறி உள்ளோரும் மார்பு சி.டி.க்கு விரைந்த நாட்கள் அவை. ஒரு சி.டி. 300 முதல் 400 மார்பு எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்று எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா எச்சரித்தார். அது பழங்காலத்துக் கணக்கு, இன்றைய கருவிகளில் 5 முதல் 10 எக்ஸ்ரேக்களுக்கே சமம் என்று இந்தியக் கதிரியல் சங்கம் மறுத்தது. இரு கூற்றுகளுக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது மடங்கு வேறுபாடு.

எளிய கணக்கு இதை ஓரளவு விளக்கும். மார்பு எக்ஸ்ரே ஒன்று 0.02 மில்லிசீவெர்ட் எனக் கொண்டு, வழக்கமான மார்பு சி.டி. 6 அல்லது 7 எனக் கொண்டால் விகிதம் 300ஐ எட்டும் அல்லது தாண்டும். எக்ஸ்ரேயை 0.1 எனக் கொண்டு, மிகக் குறைந்த கதிரில் இயங்கும் சி.டி.யை ஒன்றுக்கும் கீழே எனக் கொண்டால் விகிதம் பத்துக்குள் அடங்கும். எந்தக் கருவி, எந்த அமைப்பு, எவருடைய உடல் என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு சி.டி.யின் கதிரளவுக் குறியீட்டையும் கருவியின் திரையே காட்டுகிறது. அது பரிந்துரைத்த மருத்துவரின் கண்ணுக்கு எட்டினால், ஊகத்தை வைத்து வாதிடவேண்டிய தேவை பெரிதும் குறையும். மேலும், எண் எதுவாயினும், முடிவை மாற்றாத பரிசோதனைக்கு உகந்த அளவு என்று ஒன்றில்லை.

இவ்வரலாற்றை அச்சத்தின் வரலாறாகப் படித்தால் பிழை நேரும். குறைத்து மதிப்பிடுவதைப் போலவே மிகைத்து மதிப்பிடுவதும் அறியாமையே. கர்ப்பம் தெரியாமல் ஓர் எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட பெண்ணிடம் கருவைக் கலைக்குமாறு சொல்லும் அறிவுரை அத்தகையது. கரு பெற்ற அளவு 100 மில்லிகிரேக்குக் கீழே இருந்தால் கதிரைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்க நியாயமில்லை என்று பன்னாட்டு ஆணையம் 2000ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. வழக்கமான பரிசோதனைகள் அந்த அளவை எட்டுவதில்லை. விபத்தில் தலை அடிபட்டவருக்குக் கதிரை அஞ்சி சி.டி.யைத் தள்ளிப்போடுவதும் இவ்வகைப் பிழையே.

பெங்களூரின் பழைய முடிவும் எக்காலத்துக்கும் உரிய சூத்திரம் அன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், மார்பு எக்ஸ்ரேயைச் சேர்த்திராவிட்டால் 42.6 விழுக்காட்டு நோயாளிகள் தவறவிடப்பட்டிருப்பார்கள் என்று தெரியவந்தது. இருமல் முதலிய அறிகுறிகள் இல்லாதவர்களிடமும் நோய் இருந்தது. கையில் எடுத்துச் செல்லத்தக்க, கதிர் குறைந்த எக்ஸ்ரே கருவிகள் இப்போது மீண்டும் கிராமங்களுக்குச் செல்கின்றன. கருவி மாறியது, உறுதிசெய்யும் மூலக்கூற்றுப் பரிசோதனை மலிவாயிற்று, நோயைத் தேடும் நோக்கமும் மாறியது. ஆகவே விடையும் மாறியது. 1960களின் ஆய்வாளர்கள் விட்டுச்சென்றவற்றுள் நிலைத்து நிற்பது அவர்களுடைய விடையைக் காட்டிலும் அவர்கள் கேட்ட முறையே. யாரைத் தேடுகிறோம், படம் என்ன சொல்லும், அது சொன்னபின் என்ன செய்வோம் என்று அவர்கள் கேட்டார்கள். பற்றாக்குறை அவர்களைக் கேட்க வைத்தது. வேண்டும்போதெல்லாம் படம் எடுக்க வசதியுள்ள நகரத்தில் அவ்வாறு கேட்க வைக்கும் நெருக்கடி இல்லை. பழக்கமும் பயிற்சியும்தான் அந்த இடத்தில் நிற்கவேண்டும்.

பிளேக்கிலிருந்து கற்றதைப் பிரேசர் டவுனை அமைத்தவர்கள் தெருவின் அகலத்திலும் மனைகளின் இடைவெளியிலும் எழுதிவைத்தார்கள். பின்வந்தவர்கள் அக்காரணத்தை மறந்தாலும் தெரு அகலமாகவே இருந்தது. கதிரைப் பற்றிக் கற்றதை அவ்வாறு பொறித்துவைக்க உகந்த இடம் பரிந்துரைச் சீட்டு. நோயாளியின் பெயருக்குக் கீழே "இந்தப் படத்திலிருந்து அறியவேண்டியது என்ன?" என்று ஒரு வரியும், "இதற்கு முன் எடுத்த படம் உண்டா?" என்று இன்னொரு வரியும் அச்சிட்டு, அவற்றை நிரப்பாமல் படம் எடுப்பதில்லை என்ற வழக்கத்தை ஏற்படுத்த எந்தப் புதிய கருவியும் தேவையில்லை. அந்த இரண்டு வரிகளையும் எழுதக்கூடிய மருத்துவரும், அவை வெற்றாக வந்தால் திருப்பிக் கேட்கக்கூடிய நுட்பநரும் இருந்தால் போதும்.